கீரைக்கு ஏர்கான்: மாமனாரோடு மூன்று பண்ணைகள்

ஒட்டன்சத்திரத்திலிருந்து மாமனார் சிங்கப்பூரில் எங்களோடு ஒரு மாதம் தங்க வந்திருந்தார். செந்தோசா, மிருகக்காட்சிசாலை, மரீனா பே என்று ஊரிலிருந்து வருகிற எல்லாரையும் கூட்டிப்போகும் இடங்களுக்கு அவரையும் கூட்டிப்போனோம். மரியாதைக்குப் பார்த்தார். கரையோரப் பூந்தோட்டத்தின் கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைந்தபோதுதான் முதல்முறையாக வாய் திறந்தார்.

"ஏன் மாப்பிள்ளை, பூவுக்கெல்லாமா ஏசி போட்டிருக்காங்க?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நான் இங்கே 22 வருடமாக ஏர்கான் வேலை பார்க்கிறவன். குளிர்ப் பிரதேசத்துச் செடிக்கு இந்த ஊர் வெக்கை ஆகாது என்று ஆரம்பித்து, தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் எப்படி ஓடுகிறது என்பது வரைக்கும் போய்விட்டேன். வீட்டம்மா எங்களைத் தெரியாதவள் மாதிரி நாலடி தள்ளி நடந்தாள். மாமா மட்டும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி மகள் ஃபோனை நீட்டினாள். "தாத்தாவுக்குப் பண்ணை டூர் புக் பண்ணிட்டேன். உங்களுக்கும் சேர்த்துத்தான்ப்பா."

இரண்டு சனிக்கிழமைகளில் மூன்று இடங்கள் போய்வந்தோம். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம் என்று யோசிக்கிறவர்களுக்கும், ஊரிலிருந்து வந்த பெரியவர்களை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். எனக்குக் கறிவேப்பிலைச் செடியைக்கூட ஒழுங்காகக் காப்பாற்றத் தெரியாது. மாமாவுக்குக் கத்தரி, தக்காளி, முருங்கை என்று 50 வருடப் பழக்கம். செடியைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அவர் சொன்னது. குழாய், கம்ப்ரசர் பற்றிச் சொல்வது மட்டும் என்னுடையது.

முதல் இடம், மேற்கே ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் ஐந்தாவது மாடி. குறை சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். சரக்கு லிஃப்டில் ஏறிப் போக வேண்டும். பக்கத்து யூனிட்டில் சோபா தைக்கிறார்கள், எதிரே கேட்டரிங் சமையலறை, சம்பல் வாசம் மூக்கைத் துளைக்கிறது. நடுவில் ஒரு வெள்ளைக் கதவு, அதுதான் பண்ணை. ஆளுக்கு 38 வெள்ளி. மூத்தோருக்குச் சலுகை என்று இணையத்தில் போட்டிருந்தது. வாசலில் வைத்து, அது சிங்கப்பூரர்களுக்கு மட்டும் என்றார்கள். அதை முதலிலேயே போட்டிருந்தால் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன்.

மொத்தம் 75 நிமிடம் என்றார்கள். அதில் 20 நிமிடம் வீடியோ. சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது, விவசாயத்துக்கு ஒதுக்கிய நிலம் 1 விழுக்காடுகூட இல்லை, ஆகவே 2030க்குள் நமக்கு வேண்டிய ஊட்டச்சத்தில் 30 விழுக்காட்டை நாமே விளைவிப்போம் என்று இசையோடு ஓடியது. முதல் இரண்டும் சரி. மூன்றாவதை அரசாங்கமே 2025 நவம்பரில் கைவிட்டுவிட்டது. 2019இல் வைத்த இலக்கு அது. இப்போது 2035க்குள் காய்கறி, காளான் வகையில் 20 விழுக்காடு, முட்டை, மீன் வகையில் 30 விழுக்காடு என்று மாற்றியிருக்கிறார்கள். வீடியோவை மாற்ற யாருக்கும் நேரமில்லை போலிருக்கிறது. செய்தி பார்க்கிற என் மகள் கையைத் தூக்கிக் கேட்டாள். வழிகாட்டியாக வந்த இளைஞர் சிரித்து, "நல்ல கேள்வி" என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் வெள்ளை அங்கி, தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, ஒரு சின்ன அறைக்குள் நிற்க வைத்து நாலு பக்கமும் காற்றடித்து ஊதினார்கள். நம் சட்டையில் ஒட்டிக்கொண்டு ஒரு இலைப்பேன் உள்ளே போனால் போதுமாம், மருந்தே அடிக்காத இடத்தில் அதற்கு எதிரி கிடையாது, ஒரு வாரத்தில் அறை முழுக்கப் பரவிவிடும். மாமாவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. "நம்மூர்ல இப்படி ஊதுனா காடே பறந்துரும்" என்றார்.

உள்ளே எட்டு அடுக்கு, கூரை வரைக்கும். ஒவ்வொரு தட்டுக்கு மேலும் வரிசையாக விளக்கு. இலையெல்லாம் பிளாஸ்டிக் மாதிரி அத்தனை சுத்தம். எல்லாரும் செடியைப் படம் பிடிக்க, நான் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அளவு அறைக்கு அலுவலகமாக இருந்தால் குளிர்காற்று ஊதும் ஃபேன் காயில் பெட்டி இரண்டு போதும். இங்கே ஆறு தொங்கியது. ஆறும் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் 22 டிகிரி காட்டியது.

ஏன் ஆறு என்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். வீடியோவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விளக்குக்குப் போகிற மின்சாரத்தில் கிட்டத்தட்டப் பாதி ஒளியாகிறது, மீதி அங்கேயே சூடாகிறது. அந்த ஒளியிலும் இலை தன் உடம்பில் சேர்த்துக்கொள்வது மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் வெக்கையாகவும் ஈரமாகவும் அறைக்குள்ளேயே நிற்கும். வெயிலில் வளர்கிற செடிக்கு இந்தக் கவலை கிடையாது, சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும். அடைத்த அறையில் அதை வெளியே தள்ள ஏர்கான் வேண்டும், அதற்கும் மின்சாரம். விளக்குக்கு ஒரு தடவை, அந்த விளக்கின் சூட்டைத் துரத்த இன்னொரு தடவை என்று ஒரே வெளிச்சத்துக்கு இரண்டு பில் கட்டுகிறார்கள்.

சூட்டை விடவும் ஈரம் மோசம். வேருக்கு 100 லிட்டர் கொடுத்தால் 90க்கு மேல் இலை வழியாகக் காற்றுக்குப் போய்விடும். விளக்கு எரியும்வரை ஏர்கான் ஓடி, காயிலில் அந்த ஈரம் தண்ணீராகிச் சொட்டிக்கொண்டிருக்கும். விளக்கை அணைத்தால் சூடு குறையும், ஏர்கான் வேலை முடிந்தது என்று நின்றுகொள்ளும், ஆனால் செடி மூச்சு விடுவதை நிறுத்தாது. அப்படியே விட்டால் காலையில் அறை கசகசவென்று பூஞ்சைக்கு ஏற்ற பதத்தில் இருக்கும். நான் இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஃபேன் காயிலின் வடிகால் குழாய் கண்ணில் பட்டது. வழக்கமாக அது தரையில் உள்ள சாக்கடை வாய்க்குப் போகும். இங்கே சுவரோடு சுற்றிக்கொண்டு ஒரு நீலத் தொட்டிக்குப் போனது.

வழிகாட்டியிடம் கேட்டேன். "சிஸ்டம் வாட்டர்" என்றார். பின்னால் தட்டு கழுவிக்கொண்டிருந்த டெக்னீஷியன் காதில் விழுந்திருக்க வேண்டும், கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஜொகூர்க்காரர், என்னை ஒரு பார்வை பார்த்து, "நீங்க ஏர்கான் லைனா?" என்றார், தமிழில். அடுத்த பத்து நிமிடம்தான் அந்த 38 வெள்ளிக்குப் பெறுமானம்.

செடி விட்ட மூச்சுதான் அந்த நீலத் தொட்டியில் இருப்பது. காயிலில் சொட்டுகிற தண்ணீரை வடிகட்டி மறுபடி வேருக்கே விடுகிறார்கள். ராத்திரி ஈரத்துக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். விளக்கு 16 மணி நேரம் எரிய வேண்டும், 8 மணி நேரம் அணைய வேண்டும். எல்லா அடுக்கையும் ஒன்றாக அணைக்காமல், ஒரு வரிசைக்கு இருட்டு என்றால் அடுத்ததற்கு வெளிச்சம் என்று மாற்றி மாற்றி வைத்தால் அறைக்குள் சூடு எப்போதும் ஒரே அளவில் இருக்கும், ஏர்கானும் நிற்காது. என்னைக் கேட்டிருந்தால் ஈரத்தை உறிஞ்சும் பெரிய டீஹியுமிடிஃபையர் ஒன்றை விற்றிருப்பேன்.

மாமா இதற்குள் ஒரு தட்டின் முன்னால் குனிந்து நின்றுவிட்டார். லெட்டஸின் நடுக் குருத்து. வெளி இலைகள் பளபளவென்று இருக்க, உள்ளே இருந்த குட்டி இலைகளின் ஓரம் மட்டும் தீயில் காட்டியது போலக் காப்பிக் கலரில் சுருண்டிருந்தது.

"நுனி கருகியிருக்கு. சுண்ணாம்புச் சத்து போதல. தக்காளிக்கு அடிப்பக்கம் அழுகும்ல, அதே கேஸுதான்."

மகள் மொழிபெயர்த்தாள். வழிகாட்டி, இயற்கையாக இருக்கும் சிறு வேறுபாடு என்றார். டெக்னீஷியன் அவர் நகரும்வரை காத்திருந்து, "ஐயா சொல்றது சரி" என்றார். ஆனால் தண்ணீரில் கால்சியம் தேவையான அளவு இருக்கிறதாம். தண்ணீரோடுதான் அது இலைக்கு ஏறும், இலை ஈரத்தை விட்டால்தான் தண்ணீர் ஏறும், உள் குருத்தில் காற்றுப் படாததால் ஈரம் போவதில்லை, கால்சியமும் வருவதில்லை. அதற்குத்தான் தட்டுக்குத் தட்டு சின்ன மின்விசிறி. இந்த வரிசையில் இரண்டு பழுதாகி உதிரிக்குக் காத்திருக்கிறார்கள்.

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்ப செடிக்கு வந்த சீக்குக்கும் உங்க ஆளுதான் வைத்தியம் பாக்கணும், மாப்பிள்ளை."

இந்தப் பாராட்டை நான் ரொம்ப நாள் வைத்துக்கொள்வேன்.

கடைசி அரை மணி நேரம் சாலட் கலக்கும் நிகழ்ச்சி, அதாவது கடை. கேல் என்கிற கீரையை மாமா வாயில் போட்டு மென்றார், மென்றுகொண்டே இருந்தார். "முட்டைக்கோசு வெளி இலை. நாங்க மாட்டுக்குப் போடுவோம்." சொன்னால் நம்ப மாட்டீர்கள், தாவர சாஸ்திரப்படி இரண்டும் ஒரே இனம்தான். இந்த அறைகளில் கங்கோங், சாய் சிம் போன்ற நாம் தினமும் வாங்குகிற கீரைகளைப் பார்க்க முடியாததற்கு விலைதான் காரணம். கங்கோங் காஸ்வே பாலம் தாண்டி மலேசியாவிலிருந்து லாரியில் மலிவாக வந்து இறங்குகிறது. கேலும் அருகுலாவும் விமானத்தில் வரும் சரக்கு, விலை அதிகம். அதோடுதான் இவர்களால் போட்டி போட முடியும்.

"கிலோ என்ன விலைக்குப் போகுது? கரண்ட் பில்லு எவ்வளவு வருது?" இது மாமாவின் கேள்வி. முதல் கேள்விக்கு 100 கிராம் பாக்கெட்டின் விலையைச் சொன்னார்கள். இரண்டாவதற்கு மறுபடி "நல்ல கேள்வி".

வீடு வரும் வழியில் நானே கணக்குப் போட்டேன். ஒரு சதுர மீட்டர் தட்டுக்கு 120 வாட் விளக்கு, 16 மணி நேரம், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 யூனிட். நாற்றுப் பருவம் போக, கடைசி மூன்று வாரத்துக்கு 40 யூனிட். தட்டில் 25 செடி, செடிக்கு 120 கிராம் என்றால் 3 கிலோ. ஆக விளக்குக்கு மட்டும் கிலோவுக்கு 13 யூனிட், ஏர்கானுக்கு இன்னும் நாலு சேர்த்தால் 17. வீட்டு மின்சாரம் போல 28 காசு போட்டால் ஐந்து வெள்ளியை ஒட்டி வருகிறது. மொத்தமாக வாங்கும் ஆலைக்குக் குறையும், நாலு என்றே வையுங்கள். வாடகை, ஆள் கூலி, விதை எதுவும் சேராமல் வெறும் மின்சாரமே நாலு வெள்ளி. இது நான் கண்ணால் எண்ணிப் போட்ட கணக்கு, பத்து இருபது சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். அமெரிக்காவில் கோடிக்கணக்கில் முதலீடு வாங்கிய விளக்குப் பண்ணை நிறுவனமான பவரி ஃபார்மிங் 2024 நவம்பரில் மூடப்பட்டதும், அதே மாதிரி நிறுவனமான பிளென்டி 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்புக்கு மனுப் போட்டதும் இந்தக் கணக்கோடு பார்த்தால் ஆச்சரியமாக இல்லை.

அதற்காக வீண் வேலை என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. 2020 மார்ச்சில் மலேசியா எல்லையை மூடப்போகிறது என்று அறிவித்த ராத்திரி, பேரங்காடி வரிசையில் முட்டைத் தட்டோடு நின்றவன் நான். 2022 ஜூனில் அவர்கள் கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது எங்கள் புளோக் காப்பிக்கடையில் சிக்கன் ரைஸ் கடை இரண்டு வாரம் ஷட்டரை இறக்கியே வைத்திருந்தது. அறைக்குள் கீரை வளர்க்க எவனாவது கற்றுவைத்திருக்கட்டும். டூருக்கு 38 வெள்ளி கொடுக்கலாமா என்றால், டெக்னீஷியன் கூட வருவாரா என்று முன்பே கேட்டு, வருவார் என்றால் கொடுங்கள்.

இரண்டாவது இடம் அதே நாள் சாயங்காலம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டை ஒன்றின் பலமாடி கார் நிறுத்தத்தில் மேல்தளம். இந்த யோசனை வந்த விதம் எளிமையானது: மேல்தளத்தில் வெயிலுக்குப் பயந்து யாரும் வண்டி நிறுத்துவதில்லை, இடம் சும்மா கிடக்கிறது. முதல் வணிகப் பண்ணை 2019இல் அங் மோ கியோவில் வந்தது. 2020இல் இன்னும் ஒன்பது கார் நிறுத்தங்களை ஏலத்துக்கு விட்டார்கள். நாங்கள் போனதின் பெயரையும் விட்டுவிடுகிறேன், காரணம் கீழே வரும்.

கட்டணம் 12 வெள்ளி. வீடியோ இல்லை, அங்கி இல்லை, நிழல்வலைக்குக் கீழே நாலரை மணி வெயில். இடுப்பு உயரத்தில் வெள்ளைக் குழாய்கள் லேசான சரிவில் ஓடுகின்றன. ஓட்டைக்கு ஒரு செடி. குழாய்க்குள் விரல் நனையும் அளவுக்கு மெல்லிய தண்ணீர், வேர் அதில் படுத்துக் கிடக்கிறது. சுற்றிக் காட்ட வந்தவர் பட்டுக்கோட்டைக்காரர், ஒர்க் பெர்மிட்டில் எட்டு வருடமாக இருக்கிறார். மாமாவைப் பார்த்ததும் ஆங்கில உரையைத் தூக்கி எறிந்துவிட்டு, "வாங்கய்யா, என்ன வேணும்னாலும் கேளுங்க" என்றார்.

சியாவ் பாய் சாய் என்கிற சீனக் கீரைச் செடி ஒன்றைப் பஞ்சோடு உருவிக் காட்டினார். தீப்பெட்டியைவிடச் சின்னப் பஞ்சுக் கட்டி, அதன் அடியில் ஒரு முழத்துக்கு வெள்ளை வேர், கிழவியின் கொண்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி. மாமா அதைக் கையில் வாங்கி, வேரைப் பிரித்து, மோந்து பார்த்தார். மண் வாசனை தேடியிருப்பார். அடுத்த வரிசைக்குப் போய் இன்னொரு செடியை உருவினார், யாரும் காட்டச் சொல்லாமலே. இந்த வேர் பழுப்பு, தொட்டால் தோல் உரிந்து வந்தது, லேசான நாற்றம்.

"மத்தியானம் தொட்டித் தண்ணி சூடாயிருதுய்யா. 32, 33ன்னு போனா வேருக்கு மூச்சு முட்டிப் பழுத்துடும். போன மாசம் இந்த ரெண்டு வரிசையும் போச்சு. தொட்டிக்குச் சில்லர் கேட்டிருக்கோம்." சூடான தண்ணீரில் பிராணவாயு தங்காது, பலவீனமான வேரில் அழுகல் பூஞ்சை புகுந்துவிடும். அறைக்குள் இருப்பவனுக்குக் காற்றைக் குளிர வைக்கிற செலவு, மொட்டை மாடிக்காரனுக்குத் தண்ணீரைக் குளிர வைக்கிற செலவு. பழுத்த வேரை மறைக்காமல் காட்டியவருக்கு என்னால் பிரச்சினை வந்துவிடக் கூடாது, பெயர் போடாததற்கு அதுதான் காரணம்.

உரம் எப்படி என்று மாமா கேட்டார். இரண்டு நீலப் பீப்பாய், ஒன்றில் ஏ, ஒன்றில் பி என்று எழுதியிருந்தது. கால்சியம் நைட்ரேட் ஒன்றில், சல்பேட்டும் பாஸ்பேட்டும் இன்னொன்றில். கெட்டிக் கரைசலாக இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் சுண்ணாம்பு மாதிரி அடியில் படிந்துவிடும், அதனால் தொட்டியில் தண்ணீரோடு தனித்தனியாகத்தான் சேர்ப்பார்கள். "யூரியா?" "கிடையாதுய்யா, மண்ணுல உள்ள கிருமிதான் யூரியாவை உடைச்சுக் குடுக்கும். இங்க மண்ணே இல்லையே." மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. களை எடுக்க வேண்டாம், பார் பிடிக்க வேண்டாம், குனியவே வேண்டாம் என்பதை அவர் மனசு கூட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அவருக்கு இடுப்பு வலி பத்து வருடமாக.

விலையையும் இவர் ஒளிக்கவில்லை. கால் கிலோ பாக்கெட், கீழ்த்தளத்தில் வாரம் இரண்டு நாள் மேசை போட்டு விற்கிறார்கள், வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பேட்டைப் பாட்டிகள். பறித்து ஒரு மணி நேரத்தில் கைக்கு வருவதால் குளிர்பெட்டியில் பத்து நாள் தாங்கும் என்பது அவர் வாதம். நாங்கள் சிவப்புத் தண்டுக்கீரை இரண்டு பாக்கெட் வாங்கினோம். ஒன்பது நாள் தாங்கியது. பத்தாவது நாள் பார்க்கவில்லை, சாப்பிட்டுவிட்டோம். கடையல் நன்றாக வந்தது, தண்டு மட்டும் தண்ணீர்ச் சத்து அதிகம், நம்மூர் அரைக்கீரையின் கெட்டித்தனம் இல்லை என்று வீட்டம்மா தீர்ப்பு சொன்னாள்.

என்னைக் கேட்டால் மூன்றில் இதுதான் முதலிடம். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் ஒதுங்க லிஃப்ட் வாசல் மட்டும்தான்.

மூன்றாவதாக, அடுத்த சனிக்கிழமை கிராஞ்சியில் பாலிவுட் ஃபார்ம்ஸ். நகரப் பண்ணை என்ற பட்டியலில் இதைச் சேர்க்கலாமா என்று மகள் சண்டை போட்டாள். நியோ தியூ சாலையில் பத்து ஏக்கர் மண். 2000இல் ஐவி சிங்-லிம் என்கிற அம்மையாரும் கணவரும் பாலிவுட் வெஜ்ஜீஸ் என்ற பெயரில் தொடங்கியது. கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம்தான் இந்த ஊரின் மிச்ச விவசாயம் ஒதுங்கியிருக்கிறது. பொங்கோலில் ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகள் நிறைந்திருந்தன, 1984இல் படிப்படியாக மூடுவதாக அறிவித்தார்கள் என்று சொன்னால் இப்போது அங்கே வளரும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். லிம் சூ காங்கில்தான் ஸ்கை கிரீன்ஸ் என்கிற அடுக்குப் பண்ணையையும் தொடங்கினார்கள். 2012இல் வந்தது, 9 மீட்டர் உயரக் கோபுரத்தில் தட்டுகள் தண்ணீரின் எடையில் மெல்லச் சுற்றிச் சுற்றி வெயிலைப் பிடிக்கும் அமைப்பு. விளக்கும் வேண்டாம், ஏர்கானும் வேண்டாம். அதை நேரில் பார்க்க எங்களுக்கு இந்தத் தடவை வாய்க்கவில்லை, எனக்கு ஏக்கம்தான்.

பாலிவுட்டில் வழிகாட்டி எடுக்காமல் நாங்களே நடந்தோம். வாழை வகை வகையாக நிற்கிறது. மாமா ஒவ்வொரு தாராகத் தொட்டுப் பார்த்து, காயின் முனையைக் கிள்ளி, பேத்திக்கு விருப்பாச்சி மலைவாழைக் கதையை ஆரம்பித்துவிட்டார். விருப்பாச்சி எங்கள் ஊர்ப் பக்கம்தான், அந்த வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவரை ஃபோனிலேயே இருந்தவள், தாத்தாவின் ஊர் வாழைக்கு அரசாங்க முத்திரை இருக்கிறது என்றதும் நிமிர்ந்தாள்.

முருங்கை மரத்தின் கீழே மாமா வெகு நேரம் நின்றார். இரண்டு பண்ணையிலும் கண்ணில் படாத ஒன்று. முப்பது நாற்பது நாளில் அறுவடையாகாத எதற்கும் விளக்கறையில் வேலையில்லை, முருங்கை எட்டு அடுக்குக்குள் அடங்கவும் அடங்காது. தேக்கா சந்தையில் ஒரு கட்டு முருங்கைக்கீரைக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். அவர் ஊர்ச் சந்தையில் விலை விழுந்த நாளில் கூலிக்குக் கட்டாமல் காயை மரத்திலேயே விட்டுவிடுவார்கள்.

உள்ளேயே பாய்சன் ஐவி என்று உணவகம். வாழைப்பழ கேக் சாப்பிட்டோம், கனமான, ஈரமான கேக், மாமா இரண்டாவது துண்டு கேட்டார். அதைவிடப் பெரிய சான்றிதழ் என்னிடம் இல்லை. வாரத்தில் சில நாள் மூடியிருக்கும், பார்த்துவிட்டுப் போங்கள். கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள். முக்கியமாக, திரும்பி வர வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நாங்கள் ஆப்பைத் தட்டித் தட்டி 40 நிமிடம் சாலையோரம் நின்றோம். ஒரு லாரிக்காரர் நிறுத்தி, கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் ஏற்றிக்கொள்கிறேன் என்றார். மாமா காலை எடுத்து வைத்தேவிட்டார், நான்தான் சட்டம் பேசித் தடுத்தேன்.

காசே செலவழிக்காமல் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் புளோக்குக் கீழே போங்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் சமூகத் தோட்டத் திட்டம் 2005இல் தொடங்கியது, இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள். எங்கள் புளோக்கில் நான் பத்து வருடமாகக் கடந்துபோகும் வேலிக்குள் பாகல், அவரை, கறிவேப்பிலை, மூலையில் ஒரு முருங்கை எல்லாம் இருப்பதை மாமாதான் கண்டுபிடித்தார்.

விளக்குப் பண்ணையில் ஆளுக்கொரு லெட்டஸ் செடியை வேரோடு நினைவுப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். மாமா தன்னுடையதைச் சாப்பிட விடவில்லை. மைலோ டப்பாவில் தண்ணீர் ஊற்றி, பஞ்சு மட்டும் நனையும்படி சமையலறை ஜன்னலில் வைத்தார். இரண்டு நாள் வாடியது, அப்புறம் ஒரு குருத்து விட்டது, கொஞ்சம் வெளிறி, ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்தபடி. ஊருக்குக் கிளம்பும் அன்று அதற்குத் தண்ணீர் மாற்றிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினார். போன வாரம் ஃபோனில் முதல் கேள்வி டப்பாவைப் பற்றி. செத்துவிட்டது என்றேன். இரண்டாவது கேள்வி, "அந்த லைட்டு ரூம்காரன் கரண்ட் பில்லு சொன்னானா மாப்பிள்ளை?"